மேற்பரப்புக்கு மட்டும் ஏன் ரெண்டு எல்லை நிபந்தனை?

தண்ணி அலையைக் கணக்குப் போடுறப்போ வர்ற கேள்வி: "சுவருக்கு ஒரு எல்லை நிபந்தனைதான் (எல்லையில ஓட்டம் எப்படி இருக்கணும்ங்கிற விதி) கொடுக்கிறோம். தண்ணி மேற்பரப்புக்கு மட்டும் ரெண்டு. தண்ணிக்குள்ள ஓட்டத்தைச் சொல்ற லாப்லாஸ் சமன்பாட்டுக்கு அது அதிகப்படி இல்லையா?"

லாப்லாஸுக்கு மட்டும்னா அதிகப்படிதான். ஆனா சுவர் எங்க இருக்குன்னு முன்னாடியே தெரியும். மேற்பரப்பு எங்க இருக்குன்னு கணக்குதான் சொல்லணும். உள்ளே ஓட்டமும் தெரியாது, அது நடக்கிற இடமும் தெரியாது. தெரியாதது ரெண்டு, அதனால நிபந்தனையும் ரெண்டு.

மேற்பரப்பின் உயரத்தை ஈட்டான்னு வெச்சுக்குங்க. மேற்பரப்புல இருக்கிற துகள் மேற்பரப்பை விட்டுப் போகாது, இது முதல் நிபந்தனை. அதாவது, ஈட்டா காலத்தோட மாறும் வீதம், கூட்டல் கிடைத்திசைவேகம் பெருக்கல் மேற்பரப்பின் சாய்வு, சமம் செங்குத்துத் திசைவேகம். அந்த நடு உறுப்பை அலை ரொம்பச் சின்னதா இருந்தா மட்டும்தான் விடலாம். ரெண்டாவது, அங்கே அழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சமம். சுழலற்ற (துகள்கள் தன்னைத்தானே சுத்தாத) ஓட்டத்துக்கு, அழுத்தம், வேகம், உயரம் மூணையும் இணைக்கிற பெர்னூலி சமன்பாடு மேற்பரப்புல அதைத்தான் சொல்லுது.

இப்போ கணக்கு எப்படி நகருதுன்னு பாருங்க. இந்த நொடியில மேற்பரப்பின் வடிவமும், அது மேல திசைவேகப் பொட்டன்ஷியலும் (ஒரு திசையில இது எவ்வளவு வேகமா மாறுதோ, அதுவே அந்தத் திசையில திசைவேகம்) தெரியும்னு வைங்க. அதை மேலே கொடுத்து, அடித்தளத்துல செங்குத்து ஓட்டம் பூஜ்யம்னு கொடுத்து லாப்லாஸைத் தீர்க்கிறோம். ஆக, லாப்லாஸ் பார்க்கிறது எல்லைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கிடைச்ச திசைவேகத்தை வெச்சு, அந்த ரெண்டு நிபந்தனையும் வடிவத்தையும் பொட்டன்ஷியலையும் அடுத்த நொடிக்குத் தள்ளும். மேற்பரப்பு மதிப்புகளை மட்டும் வெச்சே முழு இயக்கத்தையும் எழுதலாம்னு ஸகாரோவ் 1968-ல காட்டினார். நிறைய பேர் இடறுற இடம் ஒண்ணு இருக்கு: மேற்பரப்பே நகருது, அதனால அங்க பொட்டன்ஷியல் மாறும் வீதத்துல, செங்குத்துத் திசைவேகம் பெருக்கல் ஈட்டா மாறும் வீதத்தையும் கூட்டணும். அதை விட்டா விடை அலையோட உயரம் கூடக்கூடத் தப்பும்.

சரி, நிபந்தனை ரெண்டும் கொடுத்துட்டா விடை வந்துடுமா? வராமலும் போகலாம். மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப்போக அழுத்தம் கூடணும். தண்ணியைத் தலைகீழாத் தொங்க விட்டா இது புரண்டுடும். ராலே–டெய்லர் நிலையின்மை அதுதான். பரப்பு இழுவிசையை விட்டுட்டா, 10 செ.மீ. நீள அலையோட உயரம் சுமார் 0.04 நொடியில 2.7 மடங்காகும், 1 மி.மீ. அலைக்கு அதுல பத்துல ஒரு பங்கு நேரமே போதும். சின்ன அலைதான் வேகமா வளருது, அதனால கணினியில கணக்குப் போடுற புள்ளிகளோட இடைவெளியைப் பொடியாக்கப் பொடியாக்க விடை மோசமாகும். பரப்பு இழுவிசையைச் சேர்த்தா, தண்ணியில சுமார் 1.7 செ.மீ.க்குக் குறைவான நீள அலைகளுக்கு வளர்ச்சி நின்னுடும். இந்த அழுத்த நிபந்தனை இல்லேன்னா பொதுவா கணக்கு சரியா அமையாதுன்னு எபின் 1987-ல காட்டினார். ஆழமான, சுழலற்ற தண்ணியில அது தானாவே நிறைவேறும்னு சிஜுவே வூ 1997-ல இரு பரிமாணத்துக்கு நிறுவினார்.

அதனால சாதாரண அலைக் கணக்குல மேற்பரப்பு ரம்பப் பல் மாதிரி வந்தா, பழியைத் தண்ணி மேல போடாதீங்க, அது பெரும்பாலும் எண்முறையோட (கணினியில தோராயமாத் தீர்க்கிற முறையோட) வேலை. லாங்கெட்–ஹிக்கின்ஸும் கோக்லெட்டும் 1976-ல இதைப் பார்த்து, ஐந்து புள்ளிச் சராசரி எடுத்தாங்க: எடைகள் மைனஸ் 1, 4, 10, 4, மைனஸ் 1, வகுத்தல் 16. ஒண்ணு விட்டு ஒண்ணு ஏறி இறங்குற பல்லை அது சுத்தமா பூஜ்யமாக்கும், நீளமான அலையை அநேகமாத் தொடாது. ஒவ்வொரு காலப் படியிலயும் போடாதீங்க, சில படிக்கு ஒரு தடவை போதும். அதுக்கு மேல போட்டா கூரான முகடும் மழுங்கிடும்.