ஸ்டோர் அறையில் கிடக்கும் பூட்ஸ்

வணக்கம். ரிசர்விஸ்ட், அதாவது ராணுவப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனபின்னும் கூப்பிட்டால் படைக்குத் திரும்ப வேண்டியவர், என்றதும் பலர் அதை ஸ்பேர் டயர் மாதிரி நினைக்கிறார்கள், பஞ்சரானால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று. மற்ற நாடுகளில் எப்படியோ, சிங்கப்பூரில் ஓடுகிற சக்கரமே அதுதான்.

1965இல் தனி நாடானபோது நம்மிடம் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளம். மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. பெரிய நிரந்தரப் படை ஒன்றை உட்கார வைத்துச் சோறு போட்டால் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் ஏது? அதனால் 1967இல் தேசிய சேவையைக் கட்டாயமாக்கி, பையன்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, வேலைவெட்டி பார்க்க அனுப்பிவிட்டு, ஆனால் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு முழுநேர சேவை 2 வருடம், அப்புறம் 10 வருடச் சுழற்சியாக ரிசர்விஸ்ட் பணிக்குக் கூப்பிடுவார்கள், வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள்.

சரி, இந்தத் திட்டம் நிற்பது எதன் மேல்? பீரங்கி, டாங்கியை விட, கூப்பிட்டால் சில மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்பதன் மேல். அதனால்தான் அவ்வப்போது திரட்டல் பயிற்சி வைத்து, ரகசியக் குறிச்சொல்லைத் தொலைக்காட்சியிலும் இதே போன்ற வானொலியிலும் ஒலிபரப்புகிறார்கள். தனியார் லாரிகளைக்கூட அழைத்துப் பார்ப்பார்கள்.

எனக்கு ஒருமுறை அழைப்பு வந்தபோது, வருடக்கணக்காக ஸ்டோர் அறையில் கிடந்த பூட்ஸை அவசரமாக மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முகாம் வாசலைத் தாண்டுவதற்குள் பசை விட்டுப்போய் அடிப்பாகம் வாயைப் பிளந்தது, ஒரு கால் மட்டும் சப்பு சப்பென்று அடிக்க நடந்தேன். கால்சட்டைப் பொத்தானைப் பற்றிக் கேட்காதீர்கள். சிரிப்புதான், ஆனால் திட்டம் போடுகிறவர் அந்த பூட்ஸையும் என் தொப்பையையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். வருடாவருடம் 2.4 கிலோமீட்டர் ஓடவிடுவது சும்மா இல்லை.

ஒரு குறை மட்டும் சொல்கிறேன். நாங்கள் முகாமில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளத்தை அரசாங்கம் ஈடுகட்டிவிடுகிறது, நல்லது. ஆனால் நான் வேலை பார்க்கும் இடத்தில் மொத்தமே ஆறு பேர். காசு வந்தால் ஆள் வந்துவிடுமா? அந்த இரண்டு வாரம் மற்ற ஐந்து பேரும் என் வேலையையும் சேர்த்துத்தான் இழுக்கிறார்கள். அவர்களுக்குச் சீருடையும் கிடையாது, பதக்கமும் கிடையாது. திரும்பி வரும்போது எல்லோருக்கும் கறிபஃப் வாங்கிக்கொண்டு போவேன், என்னால் முடிந்தது அதுதான்.