பைக் பெயர் தாங்கிய கிட்டார்: எங்கே ஒட்டினால் ஓசை கெடாது?

[காட்சி: கறுப்புத் துணி விரித்த மேசை. அதன்மேல் ஒரு அக்குஸ்டிக் கிட்டார், பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்.]

வணக்கம். பைக் கம்பெனியும் கிட்டார் கம்பெனியும் கைகோத்து 'லிமிடெட் எடிஷன்' கிட்டார் வெளியிடுவது அவ்வப்போது நடக்கிறது. டேங்கில் இருக்கும் அதே நிறம், அதே சின்னம், கூடவே ஒரு வரிசை எண். பைக் பிரியர் கையில் கிட்டாரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பார்த்தவுடன் மனசு பறிபோய்விடும்.

ஆனால் இந்த வகையில் பெயர் வாங்கியவை பெரும்பாலும் எலெக்ட்ரிக் கிட்டார்கள்தான். அக்குஸ்டிக் கிட்டாரில் இதை நன்றாகச் செய்வது உண்மையிலேயே சிரமம். அந்தச் சிரமம் எங்கிருந்து வருகிறது, அதைத் தாண்டி நல்ல கிட்டாரைச் செய்ய முடியுமா, வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: பளபளக்கும் உலோக கிட்டாரின் வரைபடம்.]

முதலில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்துவிடலாம். ஹார்லி-டேவிட்சன் 1903-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய நிறுவனம். 1993-இல் அதற்கு 90 வயது. அந்தக் கொண்டாட்டத்துக்காக ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தனித்தயாரிப்புப் பட்டறையான கஸ்டம் ஷாப், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற அதன் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் மாடலில் 109 மட்டும் செய்தது. பாடி மரத்தில் இல்லை, அலுமினியத்தில். உள்ளே வெற்றுக்கூடு, வெளியே பாலிஷ் போட்ட உலோகம். ஹார்லி இன்ஜினைப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை என்றே நினைக்கத் தோன்றும்.

உலோகத்தில் செய்தும் அது எப்படிக் கிட்டாராக வாசிக்க முடிந்தது? எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைப் பிடிப்பது பிக்கப். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான் அது. எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது சுருளில் சின்ன மின்சாரம் உண்டாகிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. பாடிக்கும் ஒரு பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாடியின் மேல் குரோம் பூசினாலும், டேங்க் பெயிண்ட் அடித்தாலும், பித்தளைச் சின்னத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கினாலும் கிட்டார் ஊமையாகிவிடாது.

[காட்சி: அக்குஸ்டிக் கிட்டாரின் குறுக்குவெட்டு. மேல்பலகை மட்டும் நிறம் மாறுகிறது.]

இப்போது அக்குஸ்டிக் கிட்டாருக்கு வருவோம். இங்கே மின்சாரம் கிடையாது. தந்தி ரொம்ப மெல்லியது. தனியாக அதிர்ந்தால் அது தள்ளுகிற காற்று கொஞ்சம்தான், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. தந்தியின் அதிர்வை பிரிட்ஜ், அதாவது தந்திகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் மரக்கட்டை, வாங்கி மேல்பலகைக்குக் கொடுக்கிறது. மேல்பலகை அசைந்து காற்றை அசைக்கிறது. நம் காதுக்கு வரும் ஓசையில் பெரும்பகுதி அந்த ஒரு பலகையின் வேலை.

அது எவ்வளவு மெல்லியது தெரியுமா? நல்ல கிட்டாரில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம், ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிமீட்டர் கனம். ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து அதன்மேல் 70 கிலோவுக்கு மேல் இழுவை கொடுக்கின்றன, அதுவும் 'லைட் செட்' என்ற மெல்லிய தந்திகள் போட்டாலே. பலகை கிழிந்துவிடாமல் இருக்க உள்ளே மரச்சட்டங்களை ஒட்டுகிறார்கள். எக்ஸ் வடிவத்தில் குறுக்கே ஓடும் அந்தச் சட்டங்களை மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1840-களிலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. இன்றும் எஃகுத் தந்தி கிட்டார்களில் பெரும்பாலும் அதே அமைப்புதான். சட்டம் கனத்துப்போனால் கிட்டார் உறுதியாக இருக்கும், ஆனால் பாடாது. ரொம்ப மெலிந்தால் நன்றாகப் பாடும், சில வருடங்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிக்கத்தான் கிட்டார் செய்பவர்கள் உளியால் சட்டத்தைச் சீவிச் சீவிப் பார்க்கிறார்கள். கிராம் கணக்கில் எடை குறைக்கும் வேலை அது.

அப்படிச் சீவிய பலகையின் மேல் டேங்க் பெயிண்டை அடித்தால் என்ன ஆகும்?

[காட்சி: டேங்கின் பெயிண்ட் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.]

டேங்க் பெயிண்ட் வெயிலுக்கும் மழைக்கும் பெட்ரோல் சிந்துவதற்கும் தாங்க வேண்டும். அதனால் அடியில் பிரைமர், அதன்மேல் நிறம், அதன்மேல் கெட்டியான கிளியர் கோட். கேண்டி கலர் என்று சொல்கிறார்களே, ஆழமாக மின்னும் சிவப்பு, நீலம், அதற்கு மெட்டாலிக் அடித்தளம் போட்டு, அதன்மேல் கண்ணாடித்தன்மை உள்ள நிறத்தைப் பல முறை அடிக்க வேண்டும். இரும்பு டேங்குக்கு இந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. நல்ல அக்குஸ்டிக் கிட்டாரின் மேல்பூச்சோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நிற்கிறது. டேங்குக்கு அடிக்கிற மாதிரி அங்கே அடித்தால் பலகையின் எடையும் விறைப்பும் கூடும். சத்தம் சின்னதாகும், கொஞ்சம் அடைத்தாற்போலவும் கேட்கும். உலோகச் சின்னத்தை பிரிட்ஜ் பக்கம் ஒட்டினால் இன்னும் மோசம், பலகை அதிகமாக அசையும் இடமே அதுதான்.

சரி, அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது.

ஒரு வழி, மரத்தையே விட்டுவிடுவது. மார்ட்டினின் எக்ஸ் வரிசை கிட்டார்கள் பலவற்றில் ஹெச்.பி.எல் என்ற பலகை வருகிறது. காகித அடுக்குகளைப் பிசினில் நனைத்து அதிக அழுத்தத்தில் அழுத்திச் செய்தது. நம் வீட்டு அலமாரியில் ஒட்டும் சன்மைக்காவும் இதே குடும்பம்தான். மேல் அடுக்கில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் அச்சிடலாம், தனியாகப் பெயிண்ட் தேவையில்லை. ஒரு கார்ட்டூன் பூனையின் படத்தை மேல்பலகை முழுக்க அச்சிட்டே மார்ட்டின் சின்ன கிட்டார் விற்றிருக்கிறது. ஓசை மரத்துக்கு ஈடாகாது, கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் உப்பாது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது. மேல்பலகையைத் தொடாமல் விட்டுவிட்டு, பைக்கின் அடையாளத்தை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவது. தந்தியை முறுக்கும் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி, ஹெட்ஸ்டாக் இருக்கிறது, அங்கே சின்னம் பதிக்கலாம். விரல் வைத்து அழுத்தும் ஃப்ரெட் போர்டில் முத்துச்சிப்பி பதித்து இறக்கையோ சக்கரமோ வரையலாம். மேல்பலகையின் நடுவில் இருக்கும் துளையான சவுண்ட் ஹோலைச் சுற்றி வரும் வளையத்தில் டேங்க் நிறத்தைக் கொண்டுவரலாம். முதுகுப் பலகையில் லேசர் வேலை செய்யலாம், வாசிக்கும்போது அது நம் வயிற்றில் சாய்ந்துதான் இருக்கிறது, மேல்பலகை அளவுக்கு அதற்குச் சுதந்திரம் கிடையாது.

முதுகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் முழுக்க நல்ல கிட்டார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் அதிகம் விரும்பப்படும் மரங்களில் ஒன்று இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தமிழ்நாடு 1994-இல் அதைக் காக்கத் தனிச்சட்டமே கொண்டுவந்தது. 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் ரோஸ்வுட் வகைகள் எல்லாம் சேர்ந்தன. அப்படிப்பட்ட மரத்தைப் பெயிண்ட் அடித்து மூடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

[காட்சி: 1959 என்ற எண். ஒரு பக்கம் பைக், ஒரு பக்கம் கிட்டார்.]

பைக் கம்பெனி டிரையம்ஃபும் கிட்டார் கம்பெனி கிப்சனும் 2022-இல் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். டிரையம்ஃபின் பான்வில் டி120 பைக் வந்த வருடம் 1959. கிப்சனின் லெஸ் பால் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரில் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதும் 1959 மாடல். இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு பைக், ஒரே ஒரு கிட்டார். கிட்டாரின் சன்பர்ஸ்ட் நிறம், நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கறுக்கும் அந்த நிறம், டேங்குக்குப் போனது. ஆண்களின் உடல்நலத்துக்கு நிதி திரட்டும் ஒரு உலகளாவிய பைக் ஊர்வலத்தில் அதிக நிதி திரட்டியவருக்குப் பரிசு. இங்கே நிறம் கிட்டாரிலிருந்து பைக்குக்குப் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதுதான் சரியான திசை.

[காட்சி: மூன்று டியூனிங் ஃபோர்க் சேர்ந்த சின்னம் மெல்லப் பெரிதாகிறது.]

இனி யமஹா. பைக்குக்கும் கிட்டாருக்கும் ஒரே பெயர் இருக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாத குடும்பம் இது. டொராகுசு யமஹா 1887-இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரப் பள்ளி ஒன்றில் பழுதான ஆர்கனைச் சரிசெய்தார், அங்கே தொடங்கியது கதை. 1897-இல் நிப்பான் கக்கி என்ற இசைக்கருவி நிறுவனம். போர்க்காலத்தில் அதே நிறுவனம் விமானத்துக்கு புரொப்பல்லர் செய்தது. போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் சும்மா கிடந்தன. 1950-இல் தலைவரான கெனிச்சி கவகாமி அவற்றை வைத்து மோட்டார் சைக்கிள் செய்யலாம் என்று முடிவெடுத்தார். 1955-இல் ஒய்.ஏ-1 வந்தது. 125 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ ஆர்.டி.125 பைக்கை மாதிரியாக வைத்துச் செய்தது. ஜப்பானியர்கள் அதைச் செந்தும்பி என்று செல்லமாக அழைத்தார்கள். அதே வருடம் ஜூலையில் யமஹா மோட்டார் தனி நிறுவனமாகப் பிரிந்தது, அந்த மாதமே ஃபுஜி மலையேற்றப் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்தது.

பிரிந்த பின்னும் சின்னம் இரண்டுக்கும் டியூனிங் ஃபோர்க்தான், சுருதி பார்க்கத் தட்டும் உலோகக் கவை. உங்கள் தெருவில் நிற்கும் ஆர்.எக்ஸ் 100-ஐயும் ஒரு யமஹா கிட்டாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய சின்னங்களில் பைக்கின் ஃபோர்க் முனைகள் வெளிவட்டத்தைத் தொடும், இசைக்கருவியில் வட்டத்துக்குள்ளேயே நிற்கும்.

இப்படி ஒரே ரத்தமாக இருந்தும் யமஹா என்ன செய்தது? லண்டனிலும் டோக்கியோவிலும் ஓடிய கஃபே ரேசர் என்ற, வேகத்துக்காக மாற்றியமைத்த பைக்குகளின் தோற்றத்தை வைத்து ரெவ்ஸ்டார் என்ற கிட்டார் வரிசையைச் செய்தது. அது எலெக்ட்ரிக். 1966 முதல் வரும் எஃப்.ஜி அக்குஸ்டிக் வரிசையை மரமாகவே விட்டுவைத்திருக்கிறது. இரண்டு தொழிலையும் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு என்பதால் இதற்கு என்னிடம் தனி மரியாதை உண்டு. இன்று இரண்டு யமஹாக்களுக்கும் சென்னைப் பக்கம் தொழிற்சாலை இருக்கிறது. ஒன்றில் பைக், இன்னொன்றில் கீபோர்டும் அக்குஸ்டிக் கிட்டாரும்.

[காட்சி: கடை. கையில் செல்போன் டார்ச்.]

இப்போது கடைக்குப் போவோம். இப்படி ஒரு லிமிடெட் எடிஷன் அக்குஸ்டிக் உங்கள் கையில் இருக்கிறது. முதலில் செல்போன் டார்ச்சைப் போட்டு சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் அது ஒற்றைப் பலகை. நடுவில் வேறு நிற அடுக்கு தெரிந்தால் பிளை, அதாவது மெல்லிய அடுக்குகளை ஒட்டிய பலகை. பெயிண்டால் விளிம்பையே மூடியிருந்தால் உள்பக்கத்தைக் கைவிரலால் தடவுங்கள், கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்து, இந்தக் கிட்டாரின் தாய் மாடல் எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே விற்கும் ஒரு மாடலின்மேல்தான் பைக் கம்பெனியின் சின்னம் ஏறியிருக்கும். இரண்டையும் ஒரே தந்தியோடு, ஒரே ஆளை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். விலையில் இருக்கும் வித்தியாசம் பெயருக்கும் நிறத்துக்கும் எண்ணுக்கும் கொடுப்பது. அந்த பைக்கை உயிராக நேசிப்பவர் மனசாரக் கொடுக்கலாம், அதில் தப்பே இல்லை. ஓசைக்காகக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வரிசை எண்ணையும் பாருங்கள். 'லிமிடெட்' என்று எழுதிவிட்டு மொத்தம் எத்தனை என்று சொல்லாத கிட்டார்கள் உண்டு. உள்ளே ஒட்டிய லேபிளில் மொத்த எண்ணிக்கையும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

அப்புறம், தன் கிட்டாரிலேயே பைக் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நைட்ரோ லேக்கர் என்ற மெல்லிய மேல்பூச்சு பூசிய கிட்டாராக இருந்தால் வினைல் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். வினைலில் இருக்கும் ரசாயனம் லேக்கரை இளக்கிவிடும், பிரித்தெடுத்தால் தடம் நிற்கும். கிட்டார் பெட்டியின் மூடி முழுக்கக் காலியாகத்தானே இருக்கிறது, அங்கே ஒட்டுங்கள்.