தேர்தல்ல தோத்த பையன் எதுலயும் சேர மாட்டேங்குறான், என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "என் பையனுக்கு 12 வயசு. வகுப்புத் தலைவர் தேர்தல்ல நின்னு தோத்துட்டான். அதுலேர்ந்து பேச்சுப் போட்டி, விளையாட்டு எதுக்குமே பேர் கொடுக்க மாட்டேங்குறான். தலைமைப் பண்பு பயிற்சி வகுப்புல சேர்க்கட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம்மா. மேடையில பேச அங்க சொல்லித் தருவாங்க, நல்லதுதான். ஆனா எல்லார் முன்னாடியும் திரும்பத் தோத்துடுவோமோன்னு பயந்துட்டிருக்கிற பிள்ளையை இன்னொரு மேடையில ஏத்தி என்ன ஆகப்போகுது?

தோத்துட்டு வந்த அன்னைக்கு வீட்ல என்ன பேசினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. "டீச்சர் வேண்டியவங்களுக்குப் பண்ணிட்டாங்க, நான் வந்து பேசுறேன்"னு சிலர் கிளம்பிடுவோம். "இதெல்லாம் ஒரு விஷயமாடா, விடு"ன்னு சிலர் சொல்லுவோம். ரெண்டுமே பாசத்துல சொல்றதுதான். ஆனா முதல்ல சொன்னது, "இதை உன்னால சமாளிக்க முடியாது"ன்னு பிள்ளை காதுல விழுது. ரெண்டாவது, "உன் வருத்தம் எனக்குப் பெருசில்ல"ன்னு விழுது. "கஷ்டமாத்தான்டா இருக்கும்"னு சொல்லிட்டு பக்கத்துல உக்காருங்க, போதும். ரெண்டு நாள் கழிச்சு அவனா பேச்செடுத்தா, "திரும்ப நின்னா எதை மாத்திச் செய்வே?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க. நமக்கு அதுதான் வராது, நாமளே பதிலையும் சொல்லிடுவோம்.

ஹவாய்ல கவாய்னு ஒரு தீவு. 1955ல அங்க பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர்ங்கிற உளவியலாளரும் அவங்க குழுவும் 40 வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. வறுமை, வீட்ல சண்டை, பெற்றோருக்கு மனநோய்னு பல சிக்கல்ல வளர்ந்த பிள்ளைகள்லயும் மூணுல ஒருத்தர் நல்லா தலையெடுத்துட்டாங்க. எப்படின்னு பார்த்தா, கைவிடாத ஒரு பெரியவராவது அவங்களுக்கு இருந்திருக்காங்க. அது பாட்டியா இருக்கலாம், ஆசிரியரா இருக்கலாம். இன்னொண்ணு, இதை யாரும் அதிகம் பேசுறதில்ல: இவங்க செஞ்சே ஆகணும்னு வீட்ல ஒரு வேலை இருந்திருக்கு, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கிற மாதிரி.

உங்க பையனுக்கும் அப்படி ஒண்ணு கொடுங்க. அவன் செய்யலேன்னா நிஜமாவே ஒருத்தருக்குச் சிரமமாகணும். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு செவ்வாய், வியாழன் சாயங்காலம் கணக்கு சொல்லித் தரட்டும். ஒரு நாள் மறந்துட்டானா, நீங்க ஞாபகப்படுத்தாதீங்க. "ஏண்ணா நேத்து வரல?"ன்னு அந்தப் பிள்ளை கேக்கட்டும். நாம எவ்வளவு திட்டினாலும் அந்த ஒரு கேள்வி மாதிரி உறைக்காது. "உன் லட்சியம் என்ன"ன்னு 12 வயசுல கேட்டா, டாக்டர், இன்ஜினியர்னு நமக்குப் பிடிச்சதைச் சொல்லிட்டு ஓடிடுவாங்க. தன்னால ஒருத்தருக்கு உபயோகம் இருக்குன்னு பார்த்துட்டா, எதுக்காகப் படிக்கிறோம்ங்கிறது மெல்ல பிடிபடும்.

ஆசிரியர்கள் பார்த்துட்டிருந்தா ஒரு வார்த்தை. ஒரே பிள்ளைக்கு வருஷம் பூரா பேட்ஜ் குத்திவிட்டு, பேசுறவங்க பேரை போர்டுல எழுதச் சொல்றோமே, அது காவல்காரர் வேலைங்க. நூலக அலமாரி, ஆய்வகச் சாமான், புதுசா சேர்ந்த பிள்ளைக்குத் துணைன்னு பொறுப்பைப் பிரிச்சு, மாசாமாசம் ஆளை மாத்துங்க. தோத்த பிள்ளைக்கும் முறை வரும்.

அம்மா, ஒண்ணு கவனிங்க. சரியா சாப்பிடல, தூங்கல, நண்பர்களையும் பார்க்க மாட்டேங்குறான்னு ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா இதையெல்லாம் முயற்சி பண்ணிட்டிருக்க வேண்டாம். குழந்தைகள் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்க.