பாலாற்றங்கரையில் கடல் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "சார், வேலூர்ல கடலே இல்லையே, நீங்க எப்படி சர்ஃப் ராக் வாசிக்கிறீங்க?" என்பதுதான். சர்ஃப் ராக் என்றால் கலிஃபோர்னியாக் கடற்கரையில், அலையில் பலகை வைத்துச் சறுக்குகிற பையன்களிடையே பிறந்த கிட்டார் இசை, அதனால் நியாயமான கேள்விதான். கடலை விடுங்கள், ஆற்றில் தண்ணீர் வந்தாலே எங்களுக்குச் செய்தி. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது சாமி புறப்பாடு பார்க்கிற மாதிரி ஊரே போய் நின்று பார்த்தது, நானும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நாங்கள் நாலு பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. எண்பதுகளில் கல்லூரி விழாக்களில் ராக் வாசித்து, தலைமுடி வளர்த்து, வீட்டில் திட்டு வாங்கி, அப்புறம் வயிற்றுப்பாட்டுக்காக காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று கல்யாண ரிசப்ஷனும் திருவிழாக் கச்சேரியுமாக முப்பது வருஷம் ஓட்டியவர்கள். கச்சேரியில் கிட்டார்காரன் வேலை என்ன தெரியுமா? பாடகர் பாடும்போது பின்னால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தி 'கார்டு' (chord) பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இடையிசை வரும்போது ஒரு சின்ன 'பிட்' வாசிக்க வேண்டும், அதற்குக் கைதட்டல் விழுந்தால் பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நிறைய வாங்கியிருக்கிறேன். போன வருஷம் எங்கள் பேஸ் கிட்டார்காரர்தான் ஆரம்பித்தார்: "அண்ணே, பாட்டே இல்லாம வாசிச்சா என்ன?"

பாட்டே இல்லாத ராக் என்றால் எங்களுக்குத் தெரிந்தது வென்ச்சர்ஸ். 1958இல் அமெரிக்காவில் டகோமா என்ற ஊரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் ஆரம்பித்த குழு அது. கறாராகப் பார்த்தால் அவர்கள் சர்ஃப் குழு இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும். அசல் சர்ஃப் ஆள் என்றால் டிக் டேல். கலிஃபோர்னியாவில் பலகை மேல் நின்று அலையில் சறுக்கியவர், இடது கைக்காரர், வலது கைக்காரர்களின் கிட்டாரைத் தந்திகூட மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். அவர் அப்பா வழி லெபனான். 1962இல் அவர் வாசித்த 'மிசிர்லூ' அந்தப் பக்கத்துப் பழைய மெட்டுதான், கிரேக்கர்கள் 1920களிலேயே இசைத்தட்டில் பதிந்தது. 1994இல் ஒரு ஹாலிவுட் படத்தின் ஆரம்பத்தில் அதைப் போட்ட பிறகு உலகமே மறுபடி கேட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அந்த மெட்டைக் கிட்டாரின் தடித்த 'ஈ' (E) தந்தியில் மெதுவாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "என்ன, இந்த வயசுல சரளி வரிசை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். அவள் சின்ன வயதில் பாட்டு கற்றவள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈ-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள், அடுத்து வருவது சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், மேலே சுத்த தைவதம், காகலி நிஷாதம். சாட்சாத் மாயாமாளவகௌளை! கலிஃபோர்னியாக் கடற்கரைப் பையன்கள் ஆடியது, நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் நாள் பாட்டு வகுப்பில் உட்காரும் ஸ்வரங்களில்தான். ராகமே அதுதான் என்று நான் சொல்லவில்லை, வித்வான்கள் அடிக்க வருவார்கள். ஸ்வரங்கள் அவைதான், அது போதும் எனக்கு.

சரி, கடல் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஸ்பிரிங்கிலிருந்து. கிட்டார் சத்தத்துக்கு எதிரொலி சேர்க்கிற ரிவெர்ப் பெட்டிக்குள் நீளமான சுருள் கம்பிகள் இருக்கும். கிட்டாரின் சத்தம் ஒரு முனையை ஆட்டும், அது மறுமுனைக்குப் போய் முட்டித் திரும்பி மறுபடி முட்டும், அந்தத் தத்தளிப்புதான் காதில் தண்ணீர் மாதிரி விழுகிறது. ஃபெண்டர் கம்பெனி இதைத் தனிப்பெட்டியாக 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால் டிக் டேலின் முதல் சர்ஃப் இசைத்தட்டும் அதே 1961தான், அதில் ரிவெர்பே கிடையாது. எங்கள் பெட்டியை ட்ரம்மர் வீட்டு மாடியில் உட்கார்ந்து நாங்களே செய்தோம், ஸ்பிரிங் மட்டும் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து கழற்றியது. யாராவது காலால் இடித்தால் இடி இடிக்கிற மாதிரி 'டமால்' என்று ஒரு சத்தம் வரும், மாடிக்குக் கீழே குடியிருப்பவர் இரண்டு தடவை ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கஷ்டம் வலது கைக்குத்தான். தையல் மிஷின் ஊசி மாதிரி, தந்தியை மீட்டுகிற பிக் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அறுபத்திரண்டு வயதில் மணிக்கட்டு மூன்றாவது நிமிஷத்திலேயே கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. ட்ரம்மருக்கு வேறு பிரச்சினை. 'டும் தட்தட் டும் தட்' என்று நேராகப் போக வேண்டிய தாளத்தை, முப்பது வருஷத் திருவிழாப் பழக்கத்தில், அவர் கை தானாகவே டப்பாங்குத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் திட்டினோம். இப்போது ஒரு மெட்டின் கடைசியில் வேண்டுமென்றே அப்படி விட்டுவிடுகிறோம், எனக்கென்னவோ அந்த இடம்தான் நன்றாக இருக்கிறது.

முதல் தடவை ஒரு சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷனில் வாசித்தோம். மூன்று மெட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்கு வந்து ரொம்ப மரியாதையாக, "தம்பி, பாடுறவர் எப்ப வருவாரு?" என்றார். வரமாட்டார் ஐயா என்றேன். அப்படியா என்று போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஸ்பீக்கர் முன்னாலிருந்து கடைசிவரை நகரவில்லை.

பேசினது போதும். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் பதிவு செய்ததிலிருந்து இரண்டு நிமிஷம் போடச் சொல்லியிருக்கிறேன், கேளுங்கள். நடுவில் இடி மாதிரி ஒரு சத்தம் வரும், வானம் ஒன்றும் இல்லை, ட்ரம்மர் டீ வாங்க எழுந்து போனார்.