பலகாரம், புத்தகம், பனை

(பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் பலகார நூல் ஒன்றின் வெளியீட்டு விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட நம்ம திருச்சபைச் சேகரத்தின் குருவானவர் ஐயா அவர்களே, அவருடைய துணைவியார் ஐயரம்மா அவர்களே, விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை பேசாமல் திறந்துவிட்ட வணிகர் சங்கத்து அண்ணாச்சி அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் முந்திரிக்கொத்து சுட்டுத் தந்த மகளிர் குழுச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் எனக்கு மனசு ஆறாது. இந்த வட்டாரத்தில் யார் எழுதினாலும் கையெழுத்துப் பிரதியை வாங்கி, வரி வரியாகப் படித்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுக்கிறவர் அவர். அதற்கு ஒரு காசு வாங்கியதில்லை. அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை, இலக்கியக் கூட்டம் என்று சொன்னால் போதும், மண்டபத்துச் சாவி வீடு தேடி வந்துவிடும். நீங்கள் இருவரும் நல்லா இருக்கணும்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் பலகாரத்தை ஏன் டிசம்பர் மாதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கிறோம் என்பது ஒன்று. எழுதுகிறவர்கள் சொந்தக் காசைப் போட்டு அச்சடிக்காமல் ஏன் ஒரு பதிப்பகத்தைத் தேடிப் போக வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, பள்ளிக்கூட நூலகங்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும், இன்றைக்கும் அதுதான்: தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்.

முதலில் பலகாரம். இது ஆவணி மாதம். ‘கிறிஸ்துமஸ் பலகாரப் புத்தகத்தை ஆவணியில் யாராவது வெளியிடுவார்களா’ என்று நூலாசிரியர் அக்காவிடம் பலரும் கேட்டார்களாம். இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது என்பேன். சிறுபயறு மாவை உருட்டிப் பொரிக்கிற முந்திரிக்கொத்துக்கு உயிரே கருப்பட்டிதான், அந்தக் கருப்பட்டி கோடைச் சரக்கு. பங்குனி பிறந்ததும் பதனீர் இறங்க ஆரம்பித்து ஆடி வரை ஓடும். உடன்குடிப் பக்கம் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய புதுக் கருப்பட்டி இப்போது கைக்கு வந்திருக்கிறது, நாமோ அதைப் பரணில் ஏற்றிவிட்டு டிசம்பருக்காகக் காத்திருக்கிறோம். பழைய கருப்பட்டிக்கும் ஒரு ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று நம் கையில் இருக்கிற கொத்தைக் கடித்துப் பாருங்கள், சிறுபயறும் சுக்கும் ஏலமும் தாண்டி பதனீர் வாசனை தெரிகிறதா இல்லையா?

இதெல்லாம் கைப்பழக்கத்தில் நிற்கிற வித்தை. கொத்து என்றால், பாகு சூடாக இருக்கும்போதே மாவை உருட்டியாக வேண்டும், ஆறவிட்டால் உதிரும். உருண்டைகளை மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி மும்மூன்றாக எண்ணெயில் விட்டால்தான் ஒட்டிக் கொத்தாக வரும். அச்சு முறுக்கு என்றால், காய்ந்த எண்ணெயில் அச்சைச் சூடேற்றி, மாவில் முக்கால்வாசிதான் முக்கணும். ஆசைப்பட்டு முழுசாக முக்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொள்ளும், முறுக்கு கழலவே கழலாது. வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் செய்தால் இது எந்தப் பிள்ளைக்குப் படியும்? செய்து தருகிற பெண்களுக்கும் அந்த ஒரு வாரம்தான் வரும்படி. தூத்துக்குடி மக்ரூனுக்கு நாம் பண்டிகை பார்க்கிறோமா? முதலூர் மஸ்கோத்து அல்வாவுக்கு? நம்ம அல்வாவைத் தீபாவளிக்கு மட்டும்தான் கிண்டுவோம் என்று சொல்லியிருந்தால் டவுணில் சாயங்காலம் அந்தக் கூட்டம் நிற்குமா? அப்புறம் பண்டிகைக்கு என்ன மிச்சம் என்று ஐயரம்மா உள்ளே நுழையும்போது கேட்டார்கள், நியாயமான கேள்வி. பண்டிகைக்குத் தட்டு இருக்கிறது அம்மா. நாலு வீட்டுக்கு, எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும், தட்டில் துணி போட்டு மூடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, அது டிசம்பரில்தான்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். நாங்குநேரிப் பக்கம் எங்களுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தன் ஊர் வரலாற்றையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்து எழுதினார். நல்ல எழுத்து, சத்தியமாகச் சொல்கிறேன். யாரோ ஒரு அச்சுக்காரர், ‘ஐயா பணத்தைக் கட்டுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று சொல்ல, ஓய்வூதியப் பணத்தில் ஆயிரம் பிரதி அடிக்கக் கொடுத்துவிட்டார். பெட்டிகள் லாரி சர்வீஸில் வந்து இறங்கியது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பெரியம்மா முன்னறை முழுக்க முறுக்கு டின்னும் கொத்து டின்னுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், காலெடுத்து வைக்க இடமில்லை. ‘புத்தகத்தை எங்கே வைக்க?’ என்று பெரியப்பா கேட்க, ‘என் டின்னுக்கு அடியில வைங்க’ என்றார்கள் பெரியம்மா. புத்தகப் பெட்டி கீழே, பலகார டின் மேலே. மறுநாள் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் புத்தகம். மதினி ஒருத்தி இரண்டு கையும் நீட்டி முறுக்கையே வாங்கிக்கொண்டு போனாள். புது வருஷம் பிறப்பதற்குள் டின்கள் காலி. பெட்டிகள் அப்படியே இருந்தன, மேலே மெத்தையைப் போட்டு விருந்தாளிகள் படுத்தார்கள்.

அதோடு போச்சா? பொங்கல் கழிந்து ஒரு நாள் பெரியம்மா நிதானமாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். 48-ஆம் பக்கம் முடிந்ததும் 65 வருகிறது. 65 முதல் 80 வரை ஒரு பாரம் (சேர்த்து அச்சடித்து மடிக்கிற பதினாறு பக்கம்), அது இரண்டு தடவை தைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் 49 முதல் 64 வரை ஒரு பாரமே இல்லை. அத்தனை பிரதியிலும் அதே கதை. காணாமல் போன பதினாறு பக்கத்தில்தான் பெரியப்பா தன் கல்யாணத்தையும் பெரியம்மாவையும் பற்றி எழுதியிருந்தார். அச்சுக்காரரிடம் கேட்டால், ‘நீங்கதானே பார்த்துச் சொல்லணும்’ என்றாராம். பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மழைக்காலத்தில் பெட்டிகளில் கறையான் ஏறியது.

பதிப்பாளர் என்று ஒருவர் இருந்திருந்தால், பைண்டிங்கில் இருந்து வந்த முதல் பிரதியைப் புரட்டிப் பார்த்திருப்பார். அது அவருடைய வேலை, அவருடைய பணம், அவருடைய பெயர். மெய்ப்புப் பார்க்க ஆள் வைப்பார், புத்தகத்துக்கு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்குவார் (அது இந்தியாவில் இலவசம், அதற்குப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்), கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா என்று 1954-ஆம் வருஷச் சட்டப்படி அனுப்ப வேண்டிய நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவார், புத்தகக் கண்காட்சியில் கடை போடுவார், அரசு தன் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிற நூலக ஆணைக்கு விண்ணப்பிப்பார். எழுதியவர் காசு கொடுக்க வேண்டியதில்லை, வாங்க வேண்டும். முக்கியமாக, அவர் உங்களிடம் ‘இந்த அத்தியாயம் வேண்டாம்’ என்று சொல்வார், சொந்தத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். இந்த நூலாசிரியர் அக்காவை ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியது, இன்னொன்று வருஷக்கணக்கில் காக்க வைத்தது. காத்திருந்தார்கள். இன்று அளவுகள் சரிபார்த்த, படி கணக்கு ஒரு பக்கமும் கிராம் கணக்கு ஒரு பக்கமும் உள்ள புத்தகம் நம் கையில் இருக்கிறது. புத்தகம் பனை மாதிரி. பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான், ஆனால் பேரப்பிள்ளை பதனீர் குடிப்பான்.

பாரதியாரே தன் புத்தகத்தைத் தானே போடவில்லையா என்று கேட்பீர்கள். 1920-இல், தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட நினைத்து நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெரிய மனுஷனுக்கு அன்று ஒரு நல்ல பதிப்பாளர் வாய்த்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உ.வே.சா. கையொப்பம், அதாவது வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே சந்தா, திரட்டித் தானே பதிப்பித்தவர்தான். ஆனால் அவரே பதிப்பாசிரியர், அவரே மெய்ப்புத் திருத்துபவர், அந்த உழைப்பு நம்மால் ஆகுமா?

உ.வே.சா. பெயரைச் சொன்னதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். அந்த ஏடு எது? பனையோலை. நம் பலகாரத்துக்கு இனிப்பும் நம் புத்தகத்துக்குத் தாளும் கொடுத்தது ஒரே மரம். அந்த மரத்தைச் செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் மாநில மரம் அது. வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அறிவிப்பு இருக்கட்டும், ஏறுவதற்கு ஆள் எங்கே? காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவருக்கு நாலைந்து மாசம்தான் வேலை. அவர் கருப்பட்டிக்குப் பக்கத்திலேயே சீனி கலந்த போலிச் சரக்கு பாதி விலைக்கு நிற்கிறது. நாம் டிசம்பரில் ஒரு கிலோ வாங்கினால் அவர் மகன் மரம் ஏற மாட்டான். மாசா மாசம் வாங்கினால் ஒருவேளை ஏறுவான். ஆகவே வருஷம் முழுக்க முந்திரிக்கொத்து தின்னுங்கள் என்று நான் சொல்வது நாக்குக்காக மட்டும் இல்லை.

பள்ளிக்கூட நூலகம் பற்றிப் பேச நேரம் இல்லை, நூலகர் அம்மா மன்னிக்க வேண்டும், அடுத்து நீங்கள் பேசும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் மூன்று சாக்கு பனங்கொட்டை வைத்திருக்கிறோம், நம்ம குளத்தங்கரை மரங்களில் பழுத்து விழுந்தது. தென்னை வச்சவன் கதையும் பனை வச்சவன் கதையும் தெரிந்தவர்கள்தானே நீங்கள், ஆளுக்குப் பத்து எடுத்துக்கொண்டு போங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முழ ஆழத்தில் குழி, பத்தடிக்கு ஒன்று, தண்ணீர் ஊற்ற வேண்டாம். இடம் இல்லாதவர்கள் பெயரைத் தம்பியிடம் கொடுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரைக்குச் சேர்ந்தே போவோம். வணக்கம்.