லண்டன் பென்ஷனும் லண்டன் சிம் கார்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் காலமெல்லாம் உழைத்துவிட்டு ஓய்வுக்காலத்தை வேறொரு நாட்டில் கழிக்கப் போகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெயிலைத் தேடி ஸ்பெயின் கடற்கரைக்குப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் உண்டு. லண்டனில் பஸ் ஓட்டி, ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்து, கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ சொந்தபந்தங்களோடு இருக்கலாம் என்று கிளம்புகிற நம்மவர்களும் உண்டு.

கிழக்கு லண்டனில் வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து ஆலோசனை சொல்கிற வேலை என்னுடையது. கிளம்புகிறவர்கள் என்னிடம் விசாவைப் பற்றிக் கேட்பார்கள், வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா என்று கேட்பார்கள். போகிற இடத்தில் பென்ஷன் வருஷா வருஷம் ஏறுமா, அந்தப் பென்ஷன் வந்து சேரும் வங்கிக் கணக்குக்குள் நுழைய லண்டன் போன் நம்பர் அங்கே வேலை செய்யுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.

பிரிட்டன் அரசு தரும் ஸ்டேட் பென்ஷன் உள்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரலில் கூடும். விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏற்றம். டிரிப்பிள் லாக் என்று சொல்வது இதைத்தான். வெளிநாட்டுக்குக் குடிபோனால் பென்ஷன் நிற்காது, எந்த நாட்டிலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுதோறும் வரும் இந்த ஏற்றம் எல்லா நாட்டிலும் கிடைக்காது.

நயாகரா அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரை அமெரிக்கா, மறு கரை கனடா. நடுவில் ரெயின்போ பாலம், நடந்தே கடந்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் முழு அடிப்படைப் பென்ஷனோடு ஓய்வுபெற்ற இரண்டு பேர் அன்று முதல் ஆளுக்கொரு கரையில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு இருவருக்கும் வாரத்துக்கு 67.50 பவுண்டு. அமெரிக்கக் கரையில் இருப்பவருக்கு அது 2025-26-இல் 176.45 பவுண்டு. கனடாக் கரையில் இருப்பவருக்கு அதே 67.50. இருவரும் ஒரே நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது பென்ஷனுக்கு உரிமை தரும் அரசுச் சந்தா, கட்டியவர்கள்தான். அமெரிக்காவோடு பிரிட்டனுக்கு உள்ள ஒப்பந்தத்தில் ஏற்றத்துக்கு இடம் உண்டு, கனடாவோடு உள்ளதில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, மொரீஷியஸ் போன்ற இடங்களில் பென்ஷன் ஏறும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் ஏறாது. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், பழைய காமன்வெல்த் உறவுகளில் பல ஏறாத பக்கத்தில் இருக்கின்றன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி உறைந்த பென்ஷன் வாங்குகிறார்கள். இதைக் கண்டித்து ஆஸ்திரேலியா 2001-இல் பிரிட்டனுடனான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஆனெட் கார்சன் என்பவர் 1989-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர். அங்கிருந்தபடியே 1999 வரை தானாக முன்வந்து நேஷனல் இன்சூரன்ஸ் கட்டினார். 2000-இல் பென்ஷன் தொடங்கியது, தொடங்கிய இடத்திலேயே நின்றது. பிரிட்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2005-இல் தோற்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வும் 2010 மார்ச்சில் கையை விரித்தது. பதினேழு நீதிபதிகளில் பதினொரு பேர் அரசின் பக்கம். வெளிநாட்டில் இருப்பவரின் நிலைமையும் உள்நாட்டில் இருப்பவரின் நிலைமையும் ஒன்றல்ல, ஏற்றம் பிரிட்டனின் விலைவாசியைப் பொறுத்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியானால் நயாகராவின் அமெரிக்கக் கரையில் இருப்பவருக்கு மட்டும் பிரிட்டனின் விலைவாசி எப்படிப் பொருந்துகிறது?

பிரிட்டனுக்கே திரும்பி வந்து குடியேறினால் தொகை நடப்பு அளவுக்கு ஏறிவிடும். ஆனால் எண்பது வயதில், பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு, குளிருக்கு யார் திரும்பி வருவார்கள்?

சரி, போன் விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் தாம்பரம் பக்கம் குடிபோனார். பென்ஷன் லண்டன் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. லண்டன் சிம் கார்டைப் பழைய போனில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, உள்ளூர் நம்பரை வைத்துக்கொண்டார். ஒருநாள் வங்கி ஆப் புது போனில் திறக்கவில்லை. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது. எந்த நம்பருக்கு? பீரோவில் இருக்கும் நம்பருக்கு. பல மாதம் பயன்படுத்தாததால் அந்த நம்பரை நிறுவனம் ரத்து செய்துவிட்டது. நம்பரை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கும் ஓடிபி அந்தப் பழைய நம்பருக்கே போகிறது. வங்கிக்கு போன் போட்டால் நெடுநேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, கடைசியில் கிளைக்கு நேரில் வாருங்கள் என்ற பதில். கிளை இருப்பது லண்டனில். மருந்துக்கடைக்கு மகனிடம் காசு கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவர் போனில் அழுததைக் கேட்டேன். சொந்தப் பணம் சொந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் கை நீட்டி எடுக்க முடியவில்லை.

இதைத் தவிர்க்கச் செலவு அதிகம் இல்லை. மாத ஒப்பந்தத்தில் இருக்கும் நம்பரை, கிளம்புமுன் ப்ரீபெய்டு சிம்முக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிஏசி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் நம்பரை மாற்றிக்கொள்வதற்கான குறியீடு வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும்போது எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பொதுவாகக் காசு இல்லை. ஆனால் சிம் உயிரோடு இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஆறு மாதம் வரைதான் பொறுக்கும். காலண்டரில் குறித்துவைத்து, அதற்குள் அந்த சிம்மிலிருந்து காசு பிடிக்கிற மாதிரி ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், இல்லையென்றால் டாப்-அப் செய்யுங்கள். அப்புறம், ஓடிபிக்குப் பதிலாக வங்கி தரும் கார்டு ரீடர், போனிலேயே குறியீடு காட்டும் ஆப் போன்ற வழிகள் இருக்கின்றனவா என்று லண்டனில் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். வேறு வழியும் உண்டு. பென்ஷனை நேராக நீங்கள் இருக்கும் நாட்டு வங்கிக் கணக்குக்கே வாங்கலாம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை அல்லது பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

மற்ற வீட்டுச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பெயின், இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாமே 230 வோல்ட், லண்டன் கெட்டில் பிளக் பொருந்தினால் ஓடும். கனடாவில் 120 வோல்ட், அதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். டிவி பார்க்கும் ஆசையில் பெரிய டிஷ்ஷுக்குப் பணம் போடுமுன் யோசியுங்கள். 2014 பிப்ரவரியில் பிபிசி தன் சேனல்களை பிரிட்டனைக் குறிவைத்து ஒளிபரப்பும் வேறு செயற்கைக்கோளுக்கு மாற்றியபோது, ஸ்பெயின் கடற்கரையில் பல வீடுகளில் ஒரே இரவில் படம் நின்றுபோனது.

இவ்வளவு தொழில்நுட்பம் பேசிய பிறகும் ஒரு காகிதத்தை மறந்துவிடக் கூடாது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்கான லைஃப் சர்டிபிகேட் படிவம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தபாலில் வரும். சாட்சியாக யார் கையெழுத்துப் போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். அப்படி ஒருவரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடலாம். வீடு மாறினால் உள்ளூர்த் தபால்காரரிடம் சொல்வதோடு விடாமல், வெளிநாட்டில் இருப்பவர்களின் பென்ஷனைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டருக்கும் புது விலாசத்தை எழுதிப் போடுங்கள்.

இன்னொன்று. உறைந்த பென்ஷனை உருக்கக்கூடிய இடம் இனி நாடாளுமன்றம்தான். முன்பு வெளிநாடு போய்ப் பதினைந்து ஆண்டு ஆனால் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு ஓட்டு இல்லாமல் போய்விடும். 2024 ஜனவரி 16 முதல் அந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் குடியுரிமை வைத்திருப்பவர்கள், பிரிட்டனில் கடைசியாக வாக்காளராகப் பதிந்திருந்த விலாசத்தை, அப்படிப் பதிந்ததே இல்லையென்றால் கடைசியாகக் குடியிருந்த விலாசத்தை, வைத்து ஆன்லைனிலேயே வாக்காளராகப் பதியலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்த கையோடு அந்தத் தொகுதி எம்பிக்கு உங்கள் பென்ஷன் தொகையையும் அது நின்றுபோன ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். தபால் ஓட்டு போய்த் திரும்பி வர நாளாகும். அதனால் உங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போட, பிரிட்டனில் இருக்கும் நம்பிக்கையான வாக்காளர் ஒருவரை நியமிக்கும் படிவத்தையும் சேர்த்தே நிரப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.