கோவை வென்ற பையன்

(கோவையில் ஒரு பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "கோவையை யாரப்பா வென்றது? திப்பு சுல்தான் காலத்துக் கதையா?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். இல்லை ஐயா. இந்தக் கோ ஓர் ஆங்கிலேய ஓட்டக்காரர். செபாஸ்டியன் கோ. அந்தப் பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் நம் ஊர் வந்து நிற்கிறது. அது இலக்கணத்தின் குறும்பு, நான் பொறுப்பில்லை. தமிழில் கோ என்றால் அரசன். அவருக்கு அரச பதவி கிடைக்கவில்லை, பிரபு பட்டம் கிடைத்தது. பெயர்ப் பொருத்தம் முக்கால்வாசி சரி.

அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் நம் பள்ளியின் பின்வாசலுக்குப் போவோம்.

1972 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். நான் பத்தாம் வகுப்பு. தரையில் சுண்ணாம்புக் கோடு. விசில் ஊதியதும் நூற்றுச் சொச்சம் பையன்கள் பருத்திக் காட்டைப் பார்த்து ஓடினோம். கிராஸ் கன்ட்ரி என்றார்கள். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று தமிழாசிரியரைக் கேட்டோம். "காடு மேடு ஓட்டம்" என்றார். நம் பக்கம் காடு என்றால் விளைநிலம்தானே. அதைவிடப் பொருத்தமான பெயரை நான் இன்றுவரை கேள்விப்படவில்லை.

காட்டு ஓரமாகப் போய், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைக்குள் நுழைந்து, வாய்க்காலின் மேல் கிடந்த பனந்தடியில் ஏறித் தாண்டி, கருப்பராயன் கோயிலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஆறு கிலோமீட்டர் என்பார் உடற்கல்வி ஆசிரியர். சைக்கிள் சக்கரத்தை வைத்து அளந்ததாகச் சொல்வார். சைக்கிள் போக முடியாத பனந்தடியை எப்படி அளந்தார் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

கோயில் திண்ணையில் பள்ளியின் கடைநிலை ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யாரும் பாதியில் குறுக்கு வழியாகத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, வருகிறவன் புறங்கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார். தலைமையாசிரியர் அறையிலிருந்து எடுத்து வந்த ஸ்டாம்ப். ‘பெறப்பட்டது’ என்று இருக்கும். ஊதா மை. வியர்வையில் கரைந்து முழங்கை வரை வழியும். வீட்டுக்குப் போனதும் அம்மா கையைத் திருப்பிப் பார்த்து, "எதைடா பெற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கோயில் பக்கமே போகாமல் இட்டேரி நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு, பேனா மையால் கையில் தானே எழுதிக்கொண்டு வந்த ஒருவனும் உண்டு. ‘பெறப்பட்டது’ என்பதில் ‘ற’வுக்குப் பதில் ‘ர’ போட்டு மாட்டிக்கொண்டான். ஓட்டப் பந்தயத்தில் எழுத்துப் பிழைக்காகத் தகுதியிழந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

முடிவில் இரண்டு தாம்புக் கயிறுகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். அங்கே எண் எழுதிய அட்டைத் துண்டு கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்த அட்டை 17. அட்டை ஒன்றும் அட்டை இரண்டும் மூன்று வருடங்களாக இரண்டே பேருக்குத்தான். ஒருவன் விடியலில் சொசைட்டிக்குப் பால் கேன் சுமந்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற வீட்டுப் பையன், வெறுங்கால்காரன். நெருஞ்சி முள் அவனைக் கண்டு விலகிக்கொள்ளும். மற்றவன் மில் தொழிலாளி மகன். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முந்தைய இரண்டு வருடங்களும் வெறுங்கால்தான் ஜெயித்தது. அந்த வருடம் இட்டேரிக்குள் நுழையும்போது முன்னால் போனது கேன்வாஸ் ஷூ. அதை நானே பார்த்தேன். அப்போது நான் அவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை. இட்டேரியிலிருந்து வெளியே வந்தபோது முன்னால் இருந்தது வெறுங்கால். பின்னால் வந்தவனின் அரைக்கால் சட்டை இடுப்பு வரை நனைந்திருந்தது. பனந்தடியில் கால் வழுக்கிவிட்டது என்றான். அவ்வளவுதான் சொன்னான். பெயர்களைச் சொல்ல மாட்டேன். இருவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

அதே 1972, மார்ச் மாதம். லண்டனின் மேற்கு ஓரத்தில் ஹில்லிங்டன். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான தேசியக் கிராஸ் கன்ட்ரிப் போட்டி. அந்த நாட்டில் இது குளிர்கால விளையாட்டு. மழையில் ஊறிய புல்வெளி, உழுத நிலம், சேறு. நமக்கு நெருஞ்சி என்றால் அவர்களுக்குச் சேறு. ஷூவின் அடியில் நீளமான ஆணிகளைத் திருகிக்கொண்டு ஓடுவார்கள். இந்த விளையாட்டையே கண்டுபிடித்தவர்கள் அங்குள்ள பள்ளிப் பையன்கள்தான். சார்லஸ் டார்வின் படித்த ஷ்ரூஸ்பரி பள்ளியில் 1831 முதலே இந்த ஓட்டத்துக்குப் பதிவேடு இருக்கிறது. இரண்டு பையன்கள் நரியாகக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே முன்னால் ஓட, மற்றவர்கள் வேட்டை நாய்களாகத் துரத்துவது வழக்கம். ஓட்டக்காரர்களுக்கே ‘ஹவுண்ட்ஸ்’ என்றுதான் பெயர். இன்றும் இங்கிலாந்தின் ஓட்டக் கிளப்புகள் பலவற்றின் பெயர் ‘ஹாரியர்ஸ்’ என்று முடிவது அதனால்தான். ஹாரியர் என்பது முயல் வேட்டை நாய். ஷெஃபீல்டு நகரத்தில் அப்படி ஒரு கிளப், ஹாலம்ஷயர் ஹாரியர்ஸ். அதில் சேர்ந்திருந்த ஒரு சின்ன உருவம்தான் அன்று ஹில்லிங்டனில் கோட்டில் நின்ற செபாஸ்டியன் கோ. வயது 15, என் வயது. அவருடைய தாய்வழித் தாத்தா ஒரு பஞ்சாபி. அப்பா பீட்டர் கோ பொறியாளர்; தடகளத்தில் எந்த முன் அனுபவமும் இல்லாமல், தானே படித்துத் தெரிந்துகொண்டு மகனுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அதே கோட்டில் கடலோர ஊரான பிரைட்டனிலிருந்து வந்த இன்னொருவன். வயது 16, தோள் அகன்ற பையன். சந்தையில் கடை வைத்திருந்த குடும்பம். ஸ்டீவ் ஓவெட். பின்னாளில் 800 மீட்டரையும் 1500 மீட்டரையும் இந்த இருவரும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இது ஒன்று போதும்: 1981 ஆகஸ்ட் மாதத்தில் பத்தே நாளில் மைல் ஓட்டத்தின் உலக சாதனை மூன்று முறை மாறியது. 19-ஆம் தேதி கோ, 26-ஆம் தேதி ஓவெட், 28-ஆம் தேதி மறுபடியும் கோ. மூன்றும் வேறு வேறு ஊர்களில். ஒரு தடவைகூட இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடவில்லை.

ஆனால் ஹில்லிங்டனில் ஓடினார்கள். ஓவெட் இரண்டாவது. கோ பத்தாவது.

முதலில் வந்தது கிர்க் டம்பிள்டன் என்ற பையன்.

இங்கிலாந்தில் இது பிரபலமான வினாடி வினாக் கேள்வி: கோவையும் ஓவெட்டையும் ஒரே பந்தயத்தில் தோற்கடித்தவர் யார்? பெரிய போட்டிகளின் இறுதிகளைக் கணக்கில் எடுத்தால் இன்னும் இரண்டு பேர் உண்டு. 1978-இல் பிராக் நகரத்தில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் போட்டியில், 800 மீட்டரில் கிழக்கு ஜெர்மனியின் ஓலாஃப் பேயர். கோ முதல் சுற்றை 49 விநாடிச் சொச்சத்தில் ஓடிக் களைத்துவிட, ஓவெட் அவரை முந்த, இருவரையும் தாண்டி யாரும் எதிர்பாராத பேயர் போய்விட்டார். ஓட்டம் முடிந்ததும் ஓவெட் தோளில் கைபோட்டு, அது யார் என்று தன்னிடம் கேட்டதாகக் கோ சொல்லியிருக்கிறார். பிறகு 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், அதே 800 மீட்டரில், பிரேசிலின் ஜோக்கிம் குரூஸ். கோ வெள்ளி, மூச்சுத் திணறலோடு ஓடிய ஓவெட் எட்டாவது. பேயர் ஐரோப்பிய சாம்பியன், குரூஸ் ஒலிம்பிக் சாம்பியன். டம்பிள்டன் மட்டும் வினாடி வினா.

என் கட்சி என்னவென்றால், இது அநியாயம். அன்று அந்தச் சேற்றில் நாட்டிலேயே சிறந்த பையன் டம்பிள்டன். குருட்டு அதிர்ஷ்டத்தில் யாரும் கிராஸ் கன்ட்ரி ஜெயிப்பதில்லை. நூறு மீட்டரில் ஒரு நல்ல தொடக்கம் போதும். காடு மேடு ஓட்டத்தில் மேடு, பள்ளம், சேறு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்குக் கேட்கும். அத்தனை கணக்கையும் தீர்த்துவிட்டு முதலில் வந்தவனிடம் போய், "உனக்குப் பின்னால் வந்தவர்கள் பிறகு பெரிய ஆட்களானார்கள், அதனால் உன்னை ஞாபகம் வைத்திருக்கிறோம்" என்று சொல்வது என்ன மரியாதை? கோவும் ஓவெட்டும் ஓடுவதை விட்டுவிட்டுக் கடை வைத்திருந்தாலும் அவன் அன்று சாம்பியன்தான்.

அதே மூச்சில் எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். பத்தாவதாக வந்த பையன் வீட்டுக்குப் போய் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தால், 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நடந்தது நடந்தே இருக்காது. கோவின் தூரமான 800 மீட்டரை ஓவெட் ஜெயித்தார். ஆறு நாள் கழித்து, மூன்று வருடங்களாக ஓவெட் தோற்றறியாத 1500 மீட்டரைக் கோ ஜெயித்தார். அடுத்தவன் வீட்டுச் சாவியை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனதுபோல.

இந்த மாதிரிப் போட்டி ஆளை என்ன செய்யும் என்பதற்குக் கோ சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் நாள். ஷெஃபீல்டில் பனி. காலையில் நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டு வீட்டில் விருந்து சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறார். மனம் நிலைகொள்ளவில்லை. ஏன் என்று யோசித்தால், ஓவெட் இந்நேரம் இரண்டாவது தடவை ஓடப் போயிருப்பான் என்று தோன்றுகிறது. உடனே எழுந்து, விருந்துச் சாப்பாடு செரிக்காத வயிற்றோடு மறுபடி பனிக்குள் ஓடுகிறார். பல வருடங்கள் கழித்து இதை ஓவெட்டிடமே சொன்னாராம். ஓவெட் சிரித்துவிட்டு, "அன்று நீ இரண்டு தடவைதான் ஓடினாயா?" என்று கேட்டாராம். இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கே வயிறு கனக்கிறது.

ஒரு சின்னக் கிளைக்கதை. பதக்கமும் சாதனையுமாகக் கோ சேர்த்துவைத்த சொத்து பிறகு எங்கே போனது தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு. கென்யாவில் இட்டென் என்ற மலையூர். அங்கே செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளி. 1976-இல் அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓகானல் என்ற துறவி புவியியல் கற்பிக்க வந்தார்; தடகளம் அவருக்குத் தெரியாது. வந்த இடத்தில் பையன்களோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டார். 1980, 1984 இரண்டு ஒலிம்பிக்கிலும் கோ வென்ற 1500 மீட்டர் தங்கத்தை 1988-இல் வாங்கியவர் அந்தப் பள்ளி மாணவர் பீட்டர் ரோனோ. 1981-இல் கோ வைத்த 800 மீட்டர் சாதனையை 1997-இல் உடைத்தவர், அதே பள்ளியில் படித்து டென்மார்க்குக்காக ஓடிய வில்சன் கிப்கெட்டர். அதை 2010-இல் உடைத்த டேவிட் ருடிஷா வேறு பள்ளி, ஆனால் பயிற்சியாளர் அதே ஓகானல். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ருடிஷா 1:40.91-இல் ஓடித் தன் சாதனையையே மாற்றினார். அந்த ஒலிம்பிக்கின் அமைப்புக் குழுத் தலைவர், ஹில்லிங்டனில் பத்தாவதாக வந்த பையன். இட்டென் பள்ளி வளாகத்தில் சாம்பியன்கள் பெயரில் மரம் நட்டு வைத்திருக்கிறார்கள். நம் பள்ளியில் நன்கொடையாளர் பெயரில் மின்விசிறி இருக்கிறது. குறை சொல்லவில்லை, காற்று நன்றாகத்தான் வருகிறது.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேலை பாக்கி.

போன வாரம் பழைய பெட்டியைக் கிளறியபோது என் அட்டைத் துண்டு கிடைத்தது. இதோ, 17. ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, எண் பிழைத்திருக்கிறது. வெறுங்கால்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். தன்னுடைய மூன்று அட்டைகளும் எங்கே போயினவென்று தெரியாது என்றார். தேடியதே இல்லையாம். கேன்வாஸ் ஷூக்காரரிடம் கேட்டேன். மூன்றும் இருக்கின்றன என்றார். அதுவும் பீரோவில், நிலப் பத்திரத்தோடு. மூன்றிலும் 2.

இருவரும் மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் காபி டம்ளர் வேறு. 1972-இல் நான் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்கிறேன். அந்தப் பனந்தடியில் கால்தான் வழுக்கியதா, முழங்கை ஏதும் பட்டதா? தம்பி, மைக்கை அங்கே கொடு. முதலில் நனைந்தவரிடம் கொடு.